நாலு பிள்ளைகள், மூன்று நாடுகள், ஒரு கப்பல்

சனிக்கிழமைகளில் ரொறன்ரோ நேரம் காலை 11 மணிக்கு ஒரு கப்பல் புறப்படும். அதில் நாலு பேர். என் 13 வயது மகள் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருப்பாள். தம்பியின் மகன் லண்டனில். அங்கே அப்போது பின்னேரம் 4 மணி. அக்காவின் மகனும் மகளும் பாரிஸில், அவர்களுக்கு 5 மணி. மார்ச் மாதத்தில் இந்தக் கணக்குக் குழம்பும். வட அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே மணிக்கூட்டை முன்னே தள்ளிவிடும், ஐரோப்பா கடைசி ஞாயிறு வரை பொறுத்திருக்கும். இடையில் வரும் கிழமைகளில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இண்டைக்கு எத்தனை மணிக்கு?" என்ற கேள்விதான் அதிகம் ஓடும்.

கப்பல் ஓடுவது கணினிக்குள். விளையாட்டின் பெயர் 'சீ ஆஃப் தீவ்ஸ்'. இங்கிலாந்தில் இருக்கும் ரேர் என்ற நிறுவனம் 2018 மார்ச்சில் வெளியிட்டது. கடற்கொள்ளையர், பேய்க்கப்பல், எலும்புக்கூட்டு வீரர்கள், கப்பலைச் சுற்றிப் பிடிக்கும் ராட்சதக் கணவாய் எல்லாம் கலந்த ஒரு கற்பனைக் கடல். உலகம் எங்கும் இருக்கும் ஆட்கள் ஒரே நேரத்தில் அந்தக் கடலில் கப்பல் ஓட்டலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கப்பலோ குதிரையோ கோட்டையோ இருக்கலாம். "எந்த நேரமும் கேம்தான்" என்று நாங்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு சொல்வது வேறு. கப்பல் எப்படி ஓடுகிறது, அது யாருக்குச் சொந்தம், எங்கள் குடும்பத்தில் அதைச் சுற்றி வந்த ஒரு பிரச்சினை எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவரால் ஓட்ட முடியாத கப்பல்

இந்த விளையாட்டில் மூன்று வகைக் கப்பல் உண்டு. ஸ்லூப் சிறியது, ஒரு பாய்மரம். ஒருவர் அல்லது இருவருக்கானது. பிரிகன்டைனுக்கு இரண்டு பாய்மரம், மூன்று பேர் வரை. கலியன்தான் பெரியது. மூன்று பாய்மரம், நாலு பேர் வரை. எங்கள் பிள்ளைகள் ஓட்டுவது கலியன்.

ஒரு பொத்தானை அமத்தினால் கப்பல் தானாகப் போகாது. நங்கூரத்தைச் சுற்றிச் சுற்றித் தூக்க வேண்டும். தனி ஆள் சுற்றினால் நேரம் பிடிக்கும், கூட ஆள் சேர்ந்தால் கெதியாக ஏறும். பாயை இறக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கேற்பப் பாயைத் திருப்ப வேண்டும். எதிர்க்காற்றில் சின்ன ஸ்லூப் கலியனை முந்தும். காற்று முதுகில் அடித்தால் கலியனைப் பிடிக்க ஏலாது. ஆகவே யாரும் துரத்தினால் எந்தத் திசையில் ஓடுவது என்பதே ஒரு முடிவு.

இன்னொரு விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கலியனில் பாய்கள் முழுக்க இறங்கிவிட்டால் சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது. வரைபட மேசையும் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது. எனவே ஒருவர் சுக்கானில், ஒருவர் முன்பக்கத்தில் நின்று பாறையைப் பார்த்துச் சொல்ல, ஒருவர் கீழே வரைபடத்தைப் பார்த்துத் திசை சொல்ல, இன்னொருவர் பாய்களுக்கு. நாலு பேரும் விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் கப்பல் பாறையில்.

மோதினால் ஓட்டை விழும். பலகை வைத்து அடைக்க வேண்டும், வாளியால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்ற வேண்டும். புயலுக்குள் போனால் திசைகாட்டி கிறுகிறுவென்று சுற்றும், சுக்கான் கையை இழுக்கும்.

புதையலைக் கப்பலில் ஏற்றியவுடன் அது உங்களுடையது ஆகாது. துறைமுகத் தீவுக்குக் கொண்டுபோய் விற்றால்தான் தங்கம். அதற்குள் வேறு ஒரு கப்பல் வந்து உங்களைச் சுட்டு மூழ்கடித்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகலாம். அது கள்ள வேலை இல்லை, விளையாட்டின் விதியே அதுதான். மூழ்கினால் கப்பல் திரும்பக் கிடைக்கும். ஏற்றிய சரக்கு போனது போனதுதான். எத்தனை வருடம் விளையாடியவராக இருந்தாலும் அவருடைய பீரங்கி புதியவரின் பீரங்கியைவிடப் பலமாகச் சுடாது. கூடுவது அனுபவமும் அலங்காரமும்தான்.

"கல்லு! கல்லு!"

நாலு பிள்ளைகளின் மொழிக் கணக்கைச் சொல்ல வேண்டும். பாரிஸ் பிள்ளைகள் இருவரும் தங்களுக்குள் பிரெஞ்சு. அக்கா வீட்டில் தமிழ்தான் என்று பிடிவாதமாக இருந்ததால் தமிழ் ஓரளவு நன்றாகவே வரும். ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படிப்பது மட்டும். லண்டன்காரனுக்கு ஆங்கிலம். தமிழ் கேட்டால் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். என் மகளும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவளுடைய பிரெஞ்சு கனடாப் பள்ளிக்கூடப் பிரெஞ்சு. "என் பெயர் இது, எனக்கு நாய் பிடிக்கும்" அளவில் நிற்கிறது.

தொடக்கத்தில் நாலு பேரும் ஆங்கிலத்தில்தான் கப்பல் ஓட்டினார்கள். சாதாரணக் கதைக்கு அது போதும். ஆனால் கப்பல் ஓடும்போது இரண்டு விநாடி யோசிக்க நேரம் இல்லை. முன்னால் நின்ற பாரிஸ் சின்னவள் பாறையைக் கண்டதும் ஆங்கிலச் சொல்லைத் தேடினாள். தேடி எடுப்பதற்குள் கப்பல் மோதியது. அடுத்த முறை அவள் தேடவில்லை. "கல்லு! கல்லு! இடப்பக்கம்!" என்று கத்தினாள். நாலு பேருக்கும் விளங்கியது. கப்பல் தப்பியது.

தமிழில் பேசுவோம் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. நாலு பேருக்கும் உடனே விளங்கும் ஒரே மொழி எதுவோ அது கப்பலின் மொழி ஆனது, அவ்வளவுதான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. வீட்டுத் தமிழில் சோறு இருக்கிறது, சப்பாத்து இருக்கிறது, "நேரத்துக்குப் படு" இருக்கிறது. கப்பல் இல்லை. பாய்க்கு "துணி" என்றார்கள். நங்கூரத்துக்கு "கொக்கி". "துணியை இறக்கு, கொக்கியைத் தூக்கு" என்று கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் மகள் மேலே ஏறிவந்து என் அப்பாவிடம் கேட்டாள்.

"அப்பப்பா, கப்பல்ல இருக்கிற அந்தத் துணிக்கு என்ன பேர்?"

அப்பா வல்வெட்டித்துறைக்காரர். அவருடைய அப்பா பாய்க்கப்பலில் தண்டையலாக இருந்தவர். எங்கள் ஊர்ப் பக்கம் கப்பலை நடத்தும் தலைவரைத் தண்டையல் என்பார்கள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"அதுக்குப் பேர் பாய். பாய் கட்டுற மரம் பாய்மரம். திருப்புறது சுக்கான். கப்பலின்ர முன்பக்கம் அணியம். காத்து எங்கையிருந்து அடிக்குது?"

"நோர்த்."

"அப்ப வாடை எண்டு சொல்லு. காத்துக்குப் பேர் தெரியாமல் கப்பல் ஓட்டுறதோ?"

அன்றைக்கு ஒரு கடதாசியில் நாலு காற்று எழுதப்பட்டுக் கணினித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. வடக்கிலிருந்து வந்தால் வாடை. தெற்கிலிருந்து வந்தால் சோளகம். கிழக்கு கொண்டல். மேற்கு கச்சான். மகளுக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும். தானே எழுதினாள். படம் எடுத்துப் பாரிஸுக்கும் லண்டனுக்கும் அனுப்பினாள். பாரிஸ் பிள்ளைகளுக்கு அவர் அம்மப்பா. எனவே இங்கே அப்பப்பாவின் காற்று, அங்கே அம்மப்பாவின் காற்று.

அப்பாவுக்கு இந்த விளையாட்டில் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை. "நனையாமல் கப்பல் ஓட்டுறியள்" என்பார். ஆனாலும் சனிக்கிழமை 11 மணிக்குப் பேஸ்மென்ட் கதவுக்கு அருகில் அவருடைய கதிரை இருக்கும்.

2022 ஓகஸ்டில் இந்த விளையாட்டில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கப்பல் கிடைக்கும், முடிந்ததும் போய்விடும். அதன் பிறகு விளையாட்டுத் தங்கத்தைக் கொடுத்துச் சொந்தக் கப்பல் வாங்கலாம், பெயர் வைக்கலாம். செய்த அலங்காரமும் பயணக் கணக்கும் அழியாமல் இருக்கும். அக்காவின் மகன் தங்கம் சேர்த்து ஒரு கலியன் வாங்கினான். பெயர் வைக்க வேண்டும். அப்பா ஒரு பெயர் சொன்னார்: அன்னபூரணி.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட பாய்க்கப்பல் அது. வில்லியம் அல்பேர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கித் தன் மனைவியின் பெயரில் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதில் போனார்கள். 1938இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. எங்கள் ஊரில் இந்தக் கதை தெரியாத வீடு இல்லை. பிள்ளைகள் குளொஸ்டரை வரைபடத்தில் தேடிப் பார்த்தார்கள். கலியனுக்கு அந்தப் பெயர்தான் என்று முடிவானது. ஆங்கில எழுத்தில்தான் எழுதினார்கள். ஆனால் உச்சரிப்பில் 'ண' சரியாக விழும்வரை அப்பா விடவில்லை.

அக்காவிடமிருந்து வந்த அழைப்பு

பாரிஸ் பெரியவனுக்கு 14 வயது. பிரான்சில் அந்த வயதில் ஜூன் கடைசியில் 'ப்ரெவே' சோதனை. ஏப்ரலில் அக்கா எடுத்தார்.

"தம்பி, இனி அவனுக்குக் கப்பல் இல்லை. சோதனை முடியட்டும். உன்ர மகளிட்டச் சொல்லு."

"சரி அக்கா. சோதனை முக்கியம்தான்."

"சனிக்கிழமை முழுக்க அங்கதான் நிக்கிறான். நான் கூப்பிட்டால் 'ரெண்டு நிமிசம்' எண்டுறான். அந்த ரெண்டு நிமிசம் ஒரு மணித்தியாலம்."

அக்கா சொன்னதில் பிழை இல்லை. எங்கள் வீட்டிலும் அந்த இரண்டு நிமிடம் உண்டு. ஆனால் மகளிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியதற்குக் காரணம் விளையாட்டு நின்றது மட்டும் இல்லை.

"அவன் வராட்டி அன்னபூரணியும் வராதுதானே அப்பா. கப்பல் அவன்ர பேரில. ஆனா தங்கம் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து தேடினது. அப்ப அது ஆற்றை கப்பல்?"

நல்ல கேள்வி. விளையாட்டின் கணக்குப்படி, விற்ற புதையலின் தங்கம் கப்பலில் இருக்கும் எல்லோருக்கும் கிடைக்கும். ஆனால் கப்பலை வாங்குவது ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்காரர் இறக்கினால்தான் அது கடலில் இறங்கும்.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்தது. அவன் இல்லாமல் லண்டன்காரனும் என் மகளும் மட்டும் ஓட்டினால் அது ஆங்கிலக் கப்பல். பாரிஸ் சின்னவள் தனியாக வந்து அந்த வேகத்தில் எத்தனை நாள் நிற்பாள்?

அடுத்த நாள் அக்காவுக்கு எடுத்தேன். நிறுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். "அக்கா, ஒரே ஒரு சனிக்கிழமை ஹெட்போனை எடுத்துவிட்டு ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கோ. நீங்கள் குசினியில இருந்து உங்கட வேலையைப் பாருங்கோ. காது மட்டும் இருக்கட்டும். பிறகு முடிவெடுங்கோ."

அக்கா கேட்டார். அன்று அவர்களை ஒரு கப்பல் துரத்தியிருக்கிறது. லண்டன்காரனுக்குப் பதற்றம். பெரியவன் நிதானமாக, "பயப்பிடாதை. சோளகம் பின்னாலதான் அடிக்குது, அவன் சின்னக் கப்பல், எங்களைப் பிடிக்க மாட்டான். நீ அணியத்துக்குப் போய்க் கல்லு இருக்கோ எண்டு மட்டும் பார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். லண்டன்காரன் திரும்பத் தமிழிலேயே, "இல்லை, கல்லு இல்லை, நேரா போ" என்கிறான்.

இரவு அக்கா எடுத்தார். "வீட்டில நான் கேட்டால் ஓம், இல்லை, தெரியாது. மூண்டு சொல்லுதான். உவனுக்கு இவ்வளவு தமிழ் இருக்கே? சோளகம் எண்டு நான் சொல்லிக் கன வருசமாச்சு."

அதற்காகச் சோதனை மாறிவிடாது. முடிவு இப்படி வந்தது. சோதனை முடியும்வரை பெரியவனுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஒன்றரை மணித்தியாலம். அவன் வராத சனிக்கிழமைகளில் மற்ற மூன்று பேரும் மூன்று பேருக்கான பிரிகன்டைனை ஓட்டுவது. சின்னவள் இருப்பதால் கப்பலின் மொழி மாறாது. அந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை வந்தது. அண்ணன் இல்லாத நாட்களில் சுக்கான் சின்னவளின் கையில் போனது. 12 வயதுப் பெண், தன்னைவிடப் பெரிய இரண்டு பேருக்குக் கட்டளை இடுகிறாள். அவளிடம் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் அவள் கேளாதமாதிரி இருந்துவிடுவாள் என்று லண்டன்காரன் முறைப்பாடு சொன்னான். தமிழில் முறைப்பாடு சொன்னான்.

ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்லிவிட வேண்டும். கப்பல் ஓட்டினால் தமிழ் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வாசிப்பு வராது, எழுத்து வராது. கட்டளைச் சொற்களும் கத்தலும் பகிடியும்தான் வரும். ஆனால் ஒரு மொழியைப் பயமில்லாமல் வேகமாகப் பேச ஒரு இடம் வேண்டும். தமிழ் வகுப்பில் பிழை விட்டால் திருத்துவார்கள். கப்பலில் பிழை விட்டால் யாரும் கவனிப்பதில்லை, பாறை தப்பினால் போதும்.

சொந்தம் என்றால் என்ன?

மகள் கேட்ட கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1997 செப்டம்பரில் வந்த 'அல்டிமா ஒன்லைன்' இந்த வகை விளையாட்டுகளில் முன்னோடி. அதில் கப்பல் வாங்கினால் கையில் வருவது ஒரு உறுதிப் பத்திரம். காணி உறுதி மாதிரி. அதைத் தண்ணீரில் பயன்படுத்தினால் கப்பல் தோன்றும், கூடவே திறப்பு கிடைக்கும். சுக்கான் பிடிக்க ஒரு மாலுமிச் சிலை போல ஒருவன் நிற்பான். "முன்னே போ", "நங்கூரம் போடு" என்று ஆங்கிலத்தில் தட்டினால் செய்வான். அந்தத் திறப்பை வேறு ஆட்கள் களவெடுத்தால் கப்பலும் அவர்கள் கையில். ஆக, சொந்தம் என்பது திறப்பு யாரிடம் இருக்கிறதோ அவருக்கு.

நான் விளையாடியது 'ஆர்க்கேஜ்'. கொரியாவில் 2013இலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2014இலும் வந்தது. நுயா, ஹரன்யா என்று இரண்டு கண்டங்கள், நடுவில் கடல். ஒரு கண்டத்தில் செய்த சரக்கு மூட்டையை முதுகில் கட்டி, கப்பலில் ஏற்றி, கடல் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் நல்ல விலை. மூட்டை முதுகில் இருந்தால் ஆள் ஆமை வேகம்தான். வேகமான சிறு கப்பல், சரக்குக் கப்பல், பீரங்கி பூட்டிய கலியன் என்று வகை வகையாக இருந்தது. மரமும் துணியும் இரும்பும் சேர்த்துக் கட்ட வேண்டும். எங்கள் ஆறு பேர் கூட்டம் ஒரு சரக்குக் கப்பலுக்காகக் கிழமைக்கணக்கில் மரம் தறித்தது. முதல் பயணத்திலேயே நடுக்கடலில் ஒரு கூட்டம் வந்து மூட்டை முழுவதையும் கொண்டு போய்விட்டது. அந்த இரவு நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த விளையாட்டில் களவுக்கு வழக்கும் உண்டு. விளையாடுபவர்களே யூரிகளாக இருந்து தீர்ப்புச் சொல்வார்கள். குற்றம் மிகக் கூடினால் ஆள் கடற்கொள்ளையர் பக்கம் தள்ளப்படுவார்.

நாங்கள் விளையாடிய 'ஆர்க்கேஜ்' சேவை இப்போது இல்லை. விளையாடுவோர் எண்ணிக்கை குறைந்ததால் வட அமெரிக்க, ஐரோப்பியச் சேவை 2024 ஜூன் 27இல் மூடப்பட்டது. அந்தக் கடலில் இருந்த எல்லாக் கப்பலும் ஒரே நாளில் இல்லாமல் போயின. உறுதியும் இல்லை, திறப்பும் இல்லை, கடலே இல்லை.

எனவே மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். இந்தக் கப்பல் அவனுடையதும் இல்லை, உங்கள் நாலு பேருடையதும் இல்லை. நிறுவனத்தின் கடல், நிறுவனத்தின் கப்பல். உங்களுக்கு இருப்பது பயன்படுத்தும் அனுமதி. இதைப் பற்றிப் பெரியவர்கள் உலகத்திலும் வாதம் நடக்கிறது. கலிபோர்னியாவில் 2024இல் ஒரு சட்டம் கையெழுத்தாகி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. டிஜிட்டல் பொருளை விற்பவர்கள், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டும் என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. ஐரோப்பாவில், விற்ற விளையாட்டை விளையாட முடியாதபடி கைவிடக்கூடாது என்று கேட்ட குடிமக்கள் மனுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப வாடகை வீடு மாதிரி" என்றாள். ஓம், வாடகை வீடு மாதிரி. அதிலும் நன்றாக வாழலாம். ஆனால் சுவரை இடித்துக் கட்டக் கைக்காசைப் போட முன்னம் யோசிக்க வேண்டும்.

இந்த ஆசை குறைவதாகவும் தெரியவில்லை. 2013 முதல் ஓடும் 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்ற விளையாட்டில், விளையாடுவோரின் வாக்கெடுப்பில் தெரிவாகி, 2025 நவம்பரில் கப்பலோட்டம் ஒரு புதுத் திறனாகச் சேர்க்கப்பட்டது. சின்ன மிதவையில் தொடங்கிப் பெரிய கப்பல் வரை போகலாம். உங்கள் பிள்ளை சொல்லும் கப்பல் அதுவாகவும் இருக்கலாம்.

வீட்டில் நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்குகள்

ஒன்று, நிறுத்தும் நேரம். இப்படியான விளையாட்டில் இடைநிறுத்தம் கிடையாது. ஏற்றிய சரக்கை விற்காமல் எல்லோரும் வெளியேறினால் எல்லாம் போய்விடும். அதனால் "இப்பவே நிப்பாட்டு" என்பது சண்டையில்தான் முடியும். நாங்கள் அரை மணித்தியாலத்துக்கு முன்னமே போய், "வித்துப் போட்டியளோ?" என்று கேட்போம். இல்லை என்றால் துறைமுகத்துக்குத் திருப்ப வேண்டும், புதுப் பயணம் எடுக்கக் கூடாது. அக்கா வீட்டிலும் இப்போது இதே கேள்விதான். அந்த "ரெண்டு நிமிசம்" பெரும்பாலும் குறைந்துவிட்டது.

இரண்டு, வெளியாட்கள். 2023 டிசம்பர் முதல் 'சேஃபர் சீஸ்' என்ற தனிக்கடல் இருக்கிறது. உங்கள் பிள்ளையும் கூட்டாளிகளும் மட்டும்தான் அங்கே. வேறு ஆட்களின் கப்பல் வராது. வருமானம் குறைவு, நிம்மதி அதிகம். தொடங்குபவர்களுக்கு அதுவே நல்லது. பொதுக்கடலில் போனால் மற்றக் கப்பல்காரரின் குரல் கேட்காமல் நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பாவியுங்கள். வயதுத் தரம் வட அமெரிக்காவில் 'டீன்', ஐரோப்பாவில் 12.

மூன்று, காசு. விளையாட்டுத் தங்கம் வேறு, கைக்காசு கொடுத்து வாங்கும் நாணயம் வேறு. கைக்காசுக்குக் கிடைப்பது உடுப்பு, செல்லப்பிராணி, கப்பல் அலங்காரம் போன்றவை. அதனால் யாரும் வெல்வதில்லை. எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்கு மட்டும். கடன் அட்டை கணக்கில் கடவுச்சொல் போட்டு வையுங்கள்.

நாலு, கதவு. பேஸ்மென்ட் கதவு திறந்திருக்கும். ஒட்டுக் கேட்க இல்லை. அப்பாவின் கதிரை அங்கே இருப்பதால்.

ஐந்து, சொற்கள். எங்கள் கப்பலில் ஓடும் சொற்களை இங்கே தருகிறேன், வேண்டியதை எடுங்கள்:

பாய் – காற்றுப் பிடிக்கும் துணி
பாய்மரம் – அதைத் தாங்கும் மரம்
சுக்கான் – கப்பலைத் திருப்புவது
நங்கூரம் – கப்பலை நிறுத்தி வைப்பது
அணியம் – கப்பலின் முன்பக்கம்
தண்டையல் – கப்பலை நடத்துபவர்
வாடை, சோளகம், கொண்டல், கச்சான் – வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குக் காற்றுகள்

ப்ரெவே சோதனை முடிந்து அக்காவின் மகன் ஜூலையில் திரும்பி வந்தான். சுக்கானைத் தங்கச்சி விட்டுக் கொடுக்கவில்லை. இப்போது அன்னபூரணி அவன் பேரில், தண்டையல் அவள்.

அப்பா சொன்ன சொற்களில் இரண்டு எனக்கும் புதுசு. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். கடற்கரை ஊர்க்காரர் இல்லை என்றாலும் பரவாயில்லை. வயலுக்கும் மாட்டுக்கும் கிணற்றுக்கும் அவர்களிடம் சொற்கள் இருக்கும். அதற்கும் எங்கேயாவது ஒரு கேம் இருக்கும்.